புடாபெஸ்ட் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: பார்க்க, சாப்பிட, ராத்திரி சுற்ற

ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட். ஐரோப்பாவுக்குப் போகும் நம்மவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் கடைசி வரியில்தான் இந்த ஊர் இருக்கும். பிராக் இரண்டு நாள், வியன்னா இரண்டு நாள், புடாபெஸ்டில் ஒரு இரவு, அப்புறம் விமானம். இந்தக் கணக்கை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நண்பர்களும் உறவினர்களும் கிளம்பும் முன் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

நான்கு இரவு. மூன்றுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கட்டடங்களை மட்டும் பார்ப்பதென்றால் இரண்டு பகல் போதும். ஆனால் இந்த ஊரின் சிறப்பு பகலில் பாதி, இருட்டிய பிறகு பாதி. விளக்கு போட்ட டான்யூப் நதிக்கரை, வெந்நீர்க் குளியல், பாழடைந்த வீடுகளுக்குள் நடக்கும் மதுக்கூடங்கள், ஆப்பரா எனும் இசை நாடகம் என்று எல்லாமே சாயங்காலத்துக்கு மேல்தான் களைகட்டும். ஒரே இரவில் இவ்வளவையும் அடைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும். வியன்னாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதனால் வியன்னாவில் ஒரு நாளைக் குறைத்து இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

புடா, பெஸ்ட் என்று பிரித்துச் சொல்கிறார்களே, இரண்டும் வேறு வேறு ஊரா?

முன்பு வேறு ஊர்கள்தான். டான்யூபுக்கு மேற்கே மலையும் கோட்டையுமாக இருப்பது புடா. கிழக்கே சமதளத்தில் கடைத்தெருவும் நாடாளுமன்றமுமாக இருப்பது பெஸ்ட். அவற்றோடு பழைய புடா என்று பொருள்படும் ஓபுடாவையும் சேர்த்து 1873இல் ஒரே நகரமாக்கினார்கள். இரு கரைகளையும் நிலையாக இணைத்த முதல் பாலம் 1849இல் திறந்த சங்கிலிப் பாலம். 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. சரியாக நூறாவது ஆண்டில், 1949இல், திரும்பக் கட்டித் திறந்தார்கள். அண்மையில் நடந்த புதுப்பிப்புக்குப் பிறகு சொந்தக் கார்களுக்கு அதில் அனுமதி இல்லை. நடப்பவர்களுக்கு அது பெரிய வரம்.

நினைவில் வைக்க ஒன்று போதும்: பார்வைக்குப் புடா, சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கும் பெஸ்ட்.

விசா எது?

ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. ஹங்கேரி 2007 முதல் ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். புடாபெஸ்டில் நான்கு நாள், மற்ற இடங்களில் அதைவிடக் குறைவு என்றால் ஹங்கேரிக்கே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை காத்திருக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக மாறிப் போகலாம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பரும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும். பழைய கட்டடங்களில் உள்ள விடுதிகள் பலவற்றில் ஏசி இருக்காது, கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் 20 அவர்களுடைய முதல் அரசர் புனித இஷ்ட்வானின் நாள். அன்றிரவு டான்யூப் மேல் பெரிய வாணவேடிக்கை நடக்கும், கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும். குளிர்காலத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பூஜ்யம் டிகிரியில் திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை இறங்கி நிற்கும் சுகம் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

100இ என்ற பேருந்து நேராக நகர நடுவில் உள்ள தெயாக் சதுக்கத்துக்குப் போகும். அதற்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட் செல்லாது. செலவைக் குறைக்க நினைத்தால் 200இ பேருந்தில் ஏறி, மூன்றாம் எண் மெட்ரோவுக்கு மாறலாம். டாக்சி என்றால் முனையத்துக்கு வெளியே உள்ள அதிகாரபூர்வ சாவடியில் சீட்டு வாங்கியோ செயலி வழியாகவோ மட்டும் ஏறுங்கள். வெளியே வரும்போதே "டாக்சி வேண்டுமா" என்று பக்கத்தில் வந்து கேட்பவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஊருக்குள் 24 மணி நேர அல்லது 72 மணி நேரப் பயணச்சீட்டு ஒன்று எடுத்துவிட்டால் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் அதுவே போதும். தனித்தனி டிக்கெட் வாங்கினால் ஏறும் முன்போ ஏறிய உடனோ அங்குள்ள இயந்திரத்தில் அதைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். பரிசோதகர்கள் அடிக்கடி வருவார்கள். வெளியூர்க்காரர் என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்ப முடியாது.

பணம்? யூரோ செல்லுமா?

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் ஃபோரின்ட். சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். மனக்கணக்குக்கு, உங்கள் நாட்டு ரூபாய் ஒன்றுக்கு எத்தனை ஃபோரின்ட் என்று கிளம்பும் முன் பார்த்துவைத்துக்கொண்டால், பில் தொகையை அந்த எண்ணால் வகுத்தால் போதும். கார்டு எங்கும் செல்லும். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஃபோரின்டைத் தேர்ந்தெடுங்கள். வங்கி வாசலில் உள்ள ஏடிஎம் நல்லது. சுற்றுலாத் தெருக்களில் கடை கடையாக நிற்கும் தனியார் ஏடிஎம்கள் வேண்டாம்.

எங்கே தங்குவது?

ஊர் எண்ணிட்ட வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. 5ஆம் வட்டாரம் ஆற்றங்கரை ஓரம், விலை கூடுதல். 6ஆம் வட்டாரம் ஆப்பராவைச் சுற்றிய பகுதி, என் தேர்வு அதுதான். எல்லாம் நடக்கும் தூரம், ராத்திரி தூக்கமும் கெடாது. மதுக்கூடங்கள் நெருக்கமாக உள்ள 7ஆம் வட்டாரத்தின் உட்பகுதியில், அதிலும் கசின்சி தெருவைச் சுற்றி, ரூம் எடுத்தால் விடிகாலை நாலு மணி வரை சத்தம் கேட்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கே எடுக்க வேண்டாம்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். இம்ரே ஷ்டெய்ண்டல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1885இல் வேலை தொடங்கியது. அது முழுதாகத் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1902இல், அவர் இறந்துவிட்டார். ஆற்றங்கரையில் 268 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. கோபுர உயரம் 96 மீட்டர். ஹங்கேரியர்களின் மூதாதையரான மட்யார் குடிகள் இந்த மண்ணுக்கு வந்ததாகச் சொல்லப்படும் 896ஆம் ஆண்டைக் குறிக்கும் எண் அது. புனித இஷ்ட்வான் பேராலயத்தின் கோபுரமும் அதே 96 மீட்டர்தான். அரசும் சமயமும் சரிசமம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், அன்றைக்குப் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கட்டணம் அதிகம். கோபுரத்துக்கு நேர் கீழே உள்ள மண்டபத்தில் ஹங்கேரியின் பழைய மணிமுடி கண்ணாடிக்குள் இருக்கிறது, இருபுறமும் வாள் ஏந்திய காவலர்கள். அந்த மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது. மணிமுடியின் உச்சியில் உள்ள சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். அடிபட்டு வளைந்ததை நிமிர்த்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் கைக்குப் போன அந்த முடி 1978இல்தான் நாடு திரும்பியது.

கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கச் சிறந்த இடம் எதிர்க்கரை. நாடாளுமன்ற வாசலிலேயே உள்ள கோஷூத் சதுக்க நிலையத்தில் சிவப்பு மெட்ரோவில் ஏறினால் ஆற்றுக்கு அடியில் போய் அடுத்த நிறுத்தமான பாத்யானி சதுக்கத்தில் இறங்கலாம். சூரியன் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்க் கரையோரம் உட்கார்ந்துவிடுங்கள். சுவர்களின் வெள்ளை நிறம் மெல்ல மங்கி, பிறகு விளக்கு வந்ததும் கட்டடம் முழுக்கப் பொன்னிறமாகி, அதன் பிம்பம் ஆற்றில் நீளும். படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசு இல்லாமலே, அதைவிட நல்ல காட்சி.

புடா பக்கத்தில் மாத்யாஷ் ஆலயமும் மீனவர் அரணும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏழு மட்யார் குடிகளுக்கு ஏழு கோபுரங்கள் என்று கட்டிய அந்த அரண், பார்வைக்கு இடைக்காலக் கோட்டை. உண்மையில் 1902இல்தான் கட்டி முடிந்தது. மேல்தளத்துக்கு மட்டும் கட்டணம். கீழ்த்தளத்து வளைவுகளிலிருந்து தெரியும் காட்சியே போதும். காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தால் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பத்து மணிக்குப் படம் எடுக்கவே இடம் இருக்காது. மேலே போகக் கயிற்று ரயிலுக்கு நீண்ட வரிசையில் நிற்காமல், தெயாக் சதுக்கத்திலிருந்து 16ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். உங்கள் பயணச்சீட்டே செல்லும்.

அப்புறம் முதலாம் எண் மெட்ரோ. 1896இல், மட்யார்கள் வந்த ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காகத் திறந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் ஓடிய முதல் சுரங்க ரயில் இதுதான். இப்போது உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இருக்கிறது. தெருவிலிருந்து ஒரு மாடிப்படி அளவே இறங்க வேண்டும். வெள்ளை ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண்கள், மஞ்சள் நிறச் சின்னப் பெட்டிகள். அந்திராஷி நெடுஞ்சாலைக்கு அடியிலேயே ஓடி வீரர் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். போகும்போது சுரங்கத்தில் போங்கள், திரும்பும்போது மேலே அதே சாலையில் மரநிழலில் நடந்து வாருங்கள்.

இன்னொன்று, 2ஆம் எண் டிராம். பெஸ்ட் கரையை ஒட்டியே ஓடுகிறது. ஆற்றுப்பக்க ஜன்னலோரம் ஒரு இருக்கை கிடைத்தால் கோட்டை, பாலங்கள், கெல்லேர்ட் குன்று எல்லாம் வரிசையாக வரும்.

வெந்நீர்க் குளியலுக்கு எங்கே போவது? வெட்கமாக இருக்காதா?

நீச்சலுடை கட்டாயம் என்பதால் சங்கடப்பட ஏதுமில்லை. உள்ளே எல்லா வயதினரும், எல்லா உடல்வாகும் கொண்டவர்கள் இருப்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. உடம்பை மூடும் நீச்சலுடை விரும்பும் பெண்கள் நீச்சலுக்கென்றே தைத்த துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி டீ ஷர்ட், சுடிதார், லுங்கியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். துண்டும் ரப்பர் செருப்பும் கொண்டுபோனால் வாடகைக் காசு மிச்சம். மணிக்கட்டில் ஒரு பட்டை கொடுப்பார்கள், அலமாரியைப் பூட்டவும் திறக்கவும் அதுதான் சாவி. குளத்தில் இறங்கும் முன் ஒருமுறை குளித்துவிட்டு இறங்க வேண்டும்.

இந்த ஊர் நிலத்தடி வெந்நீர் ஊற்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1541 முதல் 1686 வரை புடாவை ஆண்ட துருக்கியர்கள் அந்த நீருக்குக் குளியல் மண்டபங்கள் கட்டினார்கள். ருடாஷ் அப்படி வந்தது. எட்டுப்பட்டைக் குளம், மேலே கவிந்த கல் குவிமாடம், அதில் சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடித் துளைகள். பகலில் அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம் ஆவியில் கோடு கோடாகத் தெரியும். குவிமாடத்தைச் சுற்றி வெவ்வேறு சூட்டில் சின்னக் குளங்கள் இருக்கின்றன. குளிர்ந்ததில் தொடங்கி மெல்ல மெல்லச் சூட்டுக்குப் போங்கள். துருக்கிய மண்டபம் சில நாட்கள் ஆண்களுக்கு மட்டும், சில நாட்கள் பெண்களுக்கு மட்டும் என்று இருக்கும். போகும் வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சேசெனி 1913இல் திறந்தது, அரண்மனை போல மஞ்சள் கட்டடம். வெளியே பெரிய திறந்தவெளிக் குளங்கள், மார்பளவு நீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். மிதமிஞ்சிய கூட்டம் வரும், அதனால் திறக்கும் நேரத்துக்கே போவது உத்தமம். உள்ளூர்க்காரர்கள் அதிகம் போகும் இடம் வேண்டுமென்றால் லூகாச். புகழ்பெற்ற கெல்லேர்ட் குளியல் பெரிய புதுப்பிப்புக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டது. அது திறந்திருப்பதாகச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பிக் கிளம்பாதீர்கள். வெந்நீர்க் குளங்களில் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். ஒரே குளத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. மாமிசம் அதிகம் சாப்பிடும் நாடு என்பது சரிதான், ஆனால் உங்களுக்கென்று தெரிந்து கேட்க வேண்டிய பெயர்கள் சில இருக்கின்றன. ஃபோஸெலேக் என்பது காய்கறியைக் குழைய வேகவைத்துக் கெட்டியாக்கிய சமையல். பூசணி, பசலை, பட்டாணி, பயறு என்று பல வகை. மதிய நேரத்துச் சாதாரண உணவகங்களில் மலிவாகக் கிடைக்கும். மேலே முட்டை வைக்கட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். லெச்சோ என்பது குடைமிளகாயும் தக்காளியும் வெங்காயமும் சேர்த்துச் சுருள வதக்கியது. சில கடைகளில் தொத்திறைச்சி சேர்ப்பார்கள், கேளுங்கள். காளானையோ பாலாடைக்கட்டியையோ ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவது எல்லா உணவகத்திலும் உண்டு. கோடையில் புளிச்ச செர்ரிப் பழத்தில் குளிர்ந்த சூப் வைப்பார்கள். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது அதுதான்.

லாங்கோஷைத் தவறவிடாதீர்கள். புளிக்கவைத்த மாவைக் கையால் இழுத்து விரித்து எண்ணெயில் போடுவார்கள். பட்டூரா மாதிரி உப்பி, ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வரும். சூடாக இருக்கும்போதே பூண்டு கரைத்த நீரைத் தூரிகையால் தடவி, புளித்த கிரீமைப் பரப்பி, துருவிய சீஸைக் குவித்துக் கொடுப்பார்கள். ஒன்றே இருவருக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை: பழைய பாணிச் சமையலில் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு. காய்கறிப் பண்டம் என்றாலும் எதில் வதக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுத்த சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் நகர நடுவிலேயே இருக்கின்றன.

அசைவம் சாப்பிடுவோம், மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம். குயாஷ் சாப்பிடலாமா?

குயாஷ் பொதுவாக மாட்டிறைச்சியில் செய்யும் சூப். வெளிநாட்டில் அந்தப் பெயரில் தரும் கெட்டிக் குழம்புக்கு இங்கே பெயர் பெர்கெல்ட். உணவுப் பட்டியலில் மர்ஹா என்றால் மாடு, ஷெர்டேஷ் பன்றி, சிர்கே கோழி, ஹால் மீன். உங்களுக்கு ஏற்றது சிர்கே பாப்ரிகாஷ். கோழியை வெங்காயத்தோடும் மிளகாய்ப் பொடியோடும் வேகவைத்துப் புளித்த கிரீம் சேர்த்து, நோகெட்லி என்ற சின்ன மாவு உருண்டைகளோடு தருவார்கள். மீன் விரும்பிகளுக்கு ஹலாஸ்லே என்ற செக்கச் சிவந்த ஆற்றுமீன் சூப். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர்களுடைய மிளகாய்ப் பொடி பெரும்பாலும் இனிப்பானது. காரம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், ஒரு கிண்ணத்தில் தனியாக மிளகாய் விழுது வரும்.

காபிக்கும் இனிப்புக்கும்?

இரண்டே இரண்டு சொல்கிறேன். கோட்டை மேல் உள்ள ருஸ்வுர்ம், 1827இல் தொடங்கிய சின்ன மிட்டாய்க்கடை. அதன் கிரீம் கேக்குக்காகவே மலை ஏறலாம். இன்னொன்று தோபோஷ் கேக். யோஷெஃப் தோபோஷ் என்ற இனிப்புக் கலைஞர் 1885இல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய கேக் அடுக்குகளுக்கு இடையே சாக்லேட் வெண்ணெய், உச்சியில் கண்ணாடி போல் கெட்டியான கருகிய சர்க்கரைத் தகடு. முள்கரண்டியால் அந்தத் தகட்டை உடைக்கும் சத்தமே அழகு. 1894இல் திறந்த நியூயார்க் காபிக்கூடம் தங்க முலாம் பூசிய மண்டபம்தான், ஆனால் விலையும் வரிசையும் எனக்குக் கட்டுப்படியாகத் தோன்றவில்லை.

பாழடைந்த வீட்டு மதுக்கூடங்கள் என்கிறார்களே, அவை என்ன?

ரொம்கோச்மா என்பது அவற்றின் பெயர். 7ஆம் வட்டாரத்தில் இடிப்பதற்காகக் காத்திருந்த பழைய அடுக்குமாடி வீடுகளை, 2000க்குப் பிறகு சில இளைஞர்கள் வாடகைக்கு எடுத்து, தெருவில் வீசிய நாற்காலி மேசைகளைப் போட்டு மதுக்கூடமாக்கினார்கள். முன்னோடி சிம்ப்லா கெர்ட், 2004 முதல் கசின்சி தெருவில் இருக்கிறது. நடுமுற்றத்தைச் சுற்றி இரண்டு தளம். அறைக்கு அறை வேறு விளக்கு, வேறு கிறுக்கல். ஒரு பக்கம் வெட்டித் திறந்த குளியல் தொட்டி இருக்கையாகக் கிடக்கும், முற்றத்தில் பழைய டிராபன்ட் கார் ஒன்றுக்குள் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சுவர் முழுக்க வந்தவர்கள் எழுதிய பெயர்கள்.

இரவு பதினொன்றுக்குப் போனால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். மாலை ஐந்து மணிக்குப் போங்கள். இடத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டும் உட்காரலாம், குடித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஞாயிறு காலையில் அதே முற்றத்தில் விவசாயிகள் சந்தை நடக்கும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுதான் சரியான நேரம்.

நடனமும் இசையும் வேண்டுமென்றால் ஆ38க்குப் போகலாம். கல் ஏற்றி வந்த பழைய உக்ரைன் சரக்குக் கப்பலை டான்யூபில் நிறுத்தி இசையரங்கமாக்கியிருக்கிறார்கள். திரும்பி வருவது பற்றிக் கவலை வேண்டாம், பெரிய வட்டச்சாலையில் 6ஆம் எண் டிராம் இரவு முழுக்க ஓடுகிறது. 9இல் தொடங்கும் மூன்றிலக்க எண் கொண்ட இரவுப் பேருந்துகளும் உண்டு.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தெருக்களில் மேல்மாடிகளில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்துங்கள். நகர நடுவின் பல தெருக்களில் பாட்டிலோடு நின்று குடிப்பதற்குத் தடையும் இருக்கிறது.

அவர்கள் ஊர்ப் பானங்கள் எவை?

பழத்திலிருந்து வடிக்கும் பாலிங்கா மிகக் கடுமையானது, ஒரு சின்னக் கண்ணாடிக்கு மேல் வேண்டாம். தோகாய் அசூ இனிப்பான வைன், சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் போதும். கோடைக்கு ஏற்றது ஃப்ரெச், அதாவது வைனில் சோடா கலந்தது. சோடா பங்கு கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். பீர்க் கோப்பைகளை மோதிக்கொள்ளாத வழக்கம் பழைய தலைமுறையிடம் உண்டு. 1849இல் ஹங்கேரியத் தளபதிகள் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பெரியவர்களோடு உட்கார்ந்தால் நினைவில் வையுங்கள். வண்டி ஓட்டுவதென்றால் ஒரு சொட்டும் கூடாது, சட்டப்படி அளவு பூஜ்யம்.

குடிப்பதில்லை. எங்களுக்கு ராத்திரியில் என்ன இருக்கிறது?

நிறைய. 1884இல் திறந்த ஆப்பரா மாளிகையில் மேல்தளத்து டிக்கெட் மேற்கு ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் மிக மலிவு. மொழி புரியாவிட்டாலும் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போனால் போதும். லிஸ்ட் இசைக் கழகத்தில் கச்சேரி கேட்கலாம். வார இறுதிகளில் ருடாஷ் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். எதுவும் வேண்டாமென்றால் சங்கிலிப் பாலத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து போய் வாருங்கள்.

மதுக்கூடங்கள் உள்ள பகுதியை யூதர் வட்டாரம் என்று ஏன் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். 7ஆம் வட்டாரத்தில்தான் நகரத்தின் யூதர்கள் பெருவாரியாக வாழ்ந்தார்கள். 1859இல் கட்டி முடித்த தோஹானி தெரு தொழுகைக்கூடம் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது, ஏறத்தாழ 3,000 பேர் உட்காரலாம். 1944 மார்ச்சில் ஜெர்மனி ஹங்கேரியைக் கைப்பற்றியது. சில மாதங்களில் சிற்றூர்களின் யூதர்கள் லட்சக்கணக்கில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அக்டோபரில் அம்புச்சிலுவை என்ற ஹங்கேரிய நாஜிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. இந்தத் தெருக்களைச் சுற்றி வேலி எழுப்பிச் சுமார் 70,000 பேரை உள்ளே அடைத்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்து திறந்தபோது பசியிலும் குளிரிலும் இறந்தவர்களின் உடல்கள் குவிந்து கிடந்தன. தொழுகைக்கூடத்தின் முற்றத்திலேயே 2,000க்கும் மேற்பட்டோரைப் புதைத்தார்கள். வழக்கமாகத் தொழுகைக்கூடத்தோடு கல்லறை இருக்காது, இங்கே இருப்பதன் காரணம் இதுதான். பின்புறம் உலோகத்தால் செய்த அழுகை வில்லோ மரம் நிற்கிறது, இலைகளில் இறந்தவர்களின் பெயர்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போங்கள்.

ஆற்றங்கரையில், நாடாளுமன்றத்துக்குத் தெற்கே சில நிமிட நடையில், 2005இல் வைத்த 60 ஜோடி இரும்புக் காலணிகள் இருக்கின்றன. அம்புச்சிலுவைக்காரர்கள் மக்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஆண்கள் காலணி, குதிகால் உயர்ந்த பெண்கள் காலணி, நடுவே கைக்கடக்கமான குழந்தைக் காலணி. அவற்றில் கால் நுழைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களைக் கண்டால் சொல்லுங்கள். மதுக்கூடத்துக்குப் போவதில் தவறில்லை. அந்தப் பகுதி இன்று உயிரோட்டமாக இருப்பது நல்லதே. ஆனால் பகலில் தொழுகைக்கூடத்தைப் பார்த்த பிறகு ராத்திரி அங்கே போங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது.

ஏமாற்று வேலைகள் உண்டா? பெண்கள் தனியாகப் போகலாமா?

பொதுவாகப் பாதுகாப்பான ஊர். பெண்கள் இரவில் டிராமில் தனியாகப் போவது சாதாரணம். பிக்பாக்கெட் உண்டு, கூட்டமான டிராமில் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்குத்தான் தனி எச்சரிக்கை: வாட்சி தெருப் பக்கம் இரண்டு பெண்கள் வந்து வழி கேட்டுப் பேச்சுக் கொடுத்து, பக்கத்துக் கடையில் ஒரு பானம் குடிக்கலாமா என்று அழைத்தால் போகாதீர்கள். பில் வரும்போது தொகை பல மடங்காக இருக்கும், வாசலில் ஆட்களும் நிற்பார்கள். விலைப்பட்டியல் இல்லாத எந்தக் கடையிலும் எதுவும் கேட்காதீர்கள். உணவக பில்லில் சேவைக் கட்டணம் பத்துப் பதினைந்து சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அது இருந்தால் தனியாக டிப்ஸ் தர வேண்டியதில்லை. அவசர உதவிக்கு 112.

குழந்தைகளோடு போகிறோம்.

புடா மலைகளில் குழந்தைகள் ரயில் ஓடுகிறது. 1948இல் தொடங்கியது, சுமார் 11 கிலோமீட்டர். இன்ஜின் ஓட்டுவது பெரியவர்கள். டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, நிலையத்தில் சீருடையோடு நின்று வணக்கம் வைப்பது எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். நடுவில் இறங்கி யானோஷ் குன்றின் காட்சிக் கோபுரம் ஏறிவிட்டு, தொங்கு நாற்காலியில் கீழே வரலாம். அரை நாள் நன்றாகப் போகும். ஆற்றின் நடுவே உள்ள மார்கிட் தீவின் பெரும்பகுதியில் கார்கள் கிடையாது, பிள்ளைகளை ஓட விடலாம்.

என்ன வாங்கி வரலாம்?

மிளகாய்ப் பொடி. 1897இல் திறந்த பெரிய சந்தைக் கூடத்தின் கீழ்த்தளத்தில், காய்கறிக் கடைகளுக்கு நடுவே வாங்குங்கள். மாடியில் உள்ளவை சுற்றுலாக் கடைகள், விலை அதிகம். பொட்டலத்தில் செகெத், கலோச்சா என்ற ஊர்ப் பெயர்கள் இருக்கும், இரண்டும் மிளகாய்க்குப் பேர் போனவை. ஏதெஷ் என்றால் இனிப்பு, சிபோஷ் என்றால் காரம். துணிப்பையில் அழகுக்காகக் கட்டித் தருவதை விட்டுவிட்டு, முத்திரையிட்ட பொட்டலமாகவோ டப்பாவாகவோ எடுங்கள். மணம் நிற்கும், விமான நிலையத்திலும் தொல்லை இருக்காது. பாலிங்கா, வைன் பாட்டில்கள் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். சந்தை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், அதனால் திங்கள் காலை விமானம் என்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.